சிறு காற்றாடியும் சிறு வானொலியும்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.30 மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என்று மின்வலு அமைச்சர் அறிவித்தார். இலங்கையை வானரம் எரித்த கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்கள் அச்செய்தியைக் கேட்டு நகைத்ததில் வியப்பில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பர் மாத இறுதியில் வந்த டித்வா புயல் நகைப்புக்கு இடம் தரவில்லை. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. பல ஊர்களில் மின்சாரம் போயிற்று. மின்சாரத்தை நம்பி நின்ற தொலைபேசிக் கோபுரங்களும் வாய் மூடின. எந்த நாளில் செய்தி மிக வேண்டியதோ அந்த நாளில் செய்தி செல்லும் வழி அடைபட்டது.

வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் மின்கலத்தின் துணையோடு செய்தி கேட்டிருப்பர். ஆனால் அந்த வானொலிக்குச் செய்தி எங்கிருந்து வருகிறது? ஆற்றில் நீர் எத்தனை அடி ஏறியது, மலையில் எத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என்பவற்றை வெட்டவெளியில் நின்று அளந்து, கம்பியில்லாமல் அனுப்பும் சிறு கருவிகள் இருக்கின்றன. அவையும் ஒருவகை வானொலிகளே. பாடுவதில்லை, பேசுவதில்லை, எண்களை மட்டும் அனுப்புகின்றன. அவற்றுக்கு மின்சாரம் ஊட்டுவது எது? சூரிய ஒளியா, காற்றா, கடையில் வாங்கிய மின்கலமா? இதுவே நான் இன்று எடுத்துக்கொண்ட விடயம். நான் பௌதிகவியல் பயின்றவனல்லன். கலைப்பட்டம் பெற்றுப் பாடசாலை நிருவாகத்துக்கு வந்தவன். எமது விஞ்ஞானக் கழகத்து மாணவர்கள் கேட்ட வினாக்களுக்கு விடை தேடப் புகுந்து அறிந்தவற்றையே சொல்லுகிறேன்.

முதலிற் கருவியின் பசியை அறிதல் வேண்டும். காற்று எவ்வளவு வீசுகிறது என்று ஆராய்வது அதற்குப் பிற்பட்ட வேலை. காற்றாடி செய்ய விரும்புவோர் பெரும்பாலும் இந்த ஒழுங்கை மாற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் பாட்டனார் காலத்து வால்வு வானொலி 30 முதல் 50 வாற்று வரை மின்வலு உண்டது. அது பாட ஆரம்பிக்குமுன் சூடேறவே அரை நிமிடம் செல்லும். 1947இல் திரான்சிற்றர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் திரான்சிற்றரால் இயங்கும் சட்டைப்பை வானொலி விற்பனைக்கு வந்தது. அதன் பசி ஒரு வாற்றின் சிறு பின்னமே. இன்றைய அளவுகருவிகளோ அதனினும் குறைவாக உண்பவை. மழைமானியொன்றை எடுத்துக்கொள்வோம். ‘லோரா’ என்று வழங்கும் முறையில் இயங்கும் கருவி, கால் மணிக்கு ஒரு தடவை விழித்து, ஒரு செக்கன் நேரம் பேசி, மீண்டும் உறங்கிவிடும். பேசும்போது அது உண்பது ஒரு வாற்றில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. உறங்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், தாராளமாகக் கணக்கிட்டாலும், ஒரு வாற்றில் ஆயிரத்திலொரு பங்குதான் வரும். கும்பகர்ணனைப்போல உறங்கும், ஆனால் விழித்தெழுந்தால் அவனைப்போல உண்ணாது. பென்டோர்ச் பற்றரி ஒன்றே அதற்கு நான்கு மாதம் போதும். இத்தகைய கருவிக்குக் காற்றாடி கட்டுவது, எறும்புக்கு விருந்து வைக்க அண்டாவை அடுப்பேற்றுவது போன்றது.

மறு அந்தத்தில், மனிதர் குரலை வாங்கி அஞ்சல் செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. மீனவர், வானொலி ஆர்வலர் முதலியோர் பயன்படுத்துபவை. அவை காத்திருக்கும்போதே பல வாற்று உண்ணும். பேசும்போது 50 வாற்றுக்கும் மேலே செல்லும். அவற்றைத் தாங்கச் சிறு காற்றாடியால் ஆகாது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. பள்ளத்தாக்கிலுள்ள பல அளவுகருவிகளின் செய்தியை மலைமுகட்டில் நின்று வாங்கி, அப்பால் அனுப்பும் சிறிய அஞ்சற் கருவி அது. அது உறங்க முடியாது. எந்தக் கருவி எப்போது பேசும் என்று அறியாமையால் இரவும் பகலும் செவிசாய்த்திருக்க வேண்டும். அத்தகைய கருவி அரை வாற்று உண்ணும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 வாற்று மணி. மின்கலத்தில் ஏற்றி இறக்கும் நட்டத்தையும் சேர்த்தால் 16 வாற்று மணி. பென்டோர்ச் பற்றரிகளால் ஊட்டினால் நாளொன்றுக்கு ஐந்தாறு வேண்டும்; மலைமுகட்டுக்கு அவற்றைத் தினமும் யார் கொண்டுசெல்வார்? சிறு காற்றாடிக்கு உண்மையான வேலை இருப்பது இந்த நடுவகைக் கருவியிடத்திலேதான்.

மின்கம்பி இல்லாத இடத்தில் வானொலிக்கு உணவு தேடும் சிக்கல் தமிழருக்குப் புதிதன்று. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்விநியோகம் அற்றுப்போயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தோர் யாவரும் கண்ட காட்சி இது: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள், ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவார், சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் வானொலிக்குச் செல்லும், அயலவர்கள் சூழ்ந்திருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். 6 வோல்ற்று, 3 வாற்று அளவிலான அந்தச் சிறு உருளை ஒரு கிராமத்துக்கு உலகத்தைக் கொண்டுவந்தது. ஆயினும் கை ஓய்ந்தாற் செய்தி ஓய்ந்துவிடும். செய்தியின் முக்கியமான இடத்தில் சுற்றுபவர் களைத்துப்போனால் எழும் கூச்சலை அறிந்தவர் அறிவர். மின்சாரத்தைச் சேமித்துவைக்க நல்ல மின்கலம் இல்லாமையே அங்கிருந்த பெருங்குறை. காற்றுக்குக் கை வலிப்பதில்லை. ஆனால் அதுவும் நினைத்த நேரத்தில் ஓய்ந்துவிடும் இயல்புடையது. ஆகவே காற்றாடி கட்டுவோரும் முதலில் மின்கலத்தைப்பற்றியே சிந்திக்க வேண்டும்.

இதே சிக்கலுக்கு அமெரிக்க நாட்டுக் கமக்காரர் 1930ஆம் ஆண்டுகளிற் காற்றையே துணைக்கொண்டனர். அயோவா மாநிலத்தில் அல்பேர்ஸ் என்ற குடும்பப் பெயருடைய சகோதரர் இருவர், இரண்டு தகடுள்ள மரக் காற்றாடியொன்றால் 6 வோல்ற்று மின்கலத்தை ஏற்றும் பொறியைச் செய்தனர். அதற்கு ‘விண்ட்சார்ஜர்’ என்று பெயர். 1935இல் செனித் என்ற வானொலிக் கம்பனி அவர்களோடு கூட்டுச் சேர்ந்து, தன் பண்ணை வானொலியை வாங்குவோருக்கு அப்பொறியை மிகக் குறைந்த விலையில் உடன் விற்றது. வானொலியை இயக்க ஆண்டுக்கு 50 சதமே செலவு என்பது அவர்களுடைய விளம்பரம். வானொலி விற்பதற்காகக் காற்றை விற்ற வணிகத் திறமையை மெச்சத்தான் வேண்டும். ஆனால் அதே 1935இல் அமெரிக்க அரசு கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கும் திணைக்களமொன்றை நிறுவியது. கம்பி சென்ற பண்ணைகளில் காற்றாடிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன.

நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. மின்கம்பி எட்டாத கிராமங்களில் மக்கள் மோட்டார்க் கார் பற்றரிகளைத் தோளிலும் சைக்கிளிலும் சுமந்து நகரத்துக்குச் சென்று, மின்னேற்றி வந்து, வானொலியும் தொலைக்காட்சியும் இயக்கிய காலம் ஒன்று இருந்தது. அவர்களுக்காக, இன்று ‘பிரக்டிக்கல் அக்சன்’ என்று அழைக்கப்படும் தொண்டு நிறுவனம், 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இலங்கையிலும் பெரு நாட்டிலும் சிறு காற்றாடிகளைச் செய்வித்துப் பார்த்தது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஹியூ பிகொற் என்பவர் அதற்கு மின்பிறப்பாக்கியை வகுத்துக் கொடுத்தார். நிலையான காந்தங்களை வட்டத் தட்டில் வரிசையாகப் பதித்து, உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யத்தக்க எளிய அமைப்பு. பின்னர் மின்கம்பி ஏறக்குறைய எல்லா வீட்டு வாயிலுக்கும் வந்துவிட்டது. இன்று காற்றுவலு என்றால் நமக்கு நினைவில் வருவது பளைப் பகுதியில் நிற்கும் பேருருவங்களும், 2020இல் மன்னாரில் இயங்கத் தொடங்கிய 30 காற்றாலைகளுமே. வீடுகளுக்கு இனிச் சிறு காற்றாடி வேண்டியதில்லை. கம்பி என்றுமே செல்லாத மலைமுகட்டில் நிற்கும் கருவிகளின் நிலைமை வேறு.

காற்றின் கணக்கு வியப்பானது. அதன் வேகம் இரு மடங்கானால் அதிலுள்ள வலு எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் வலு எட்டிலொன்றாகும். ஒரு மீற்றர் விட்டமுள்ள காற்றாடியின் வட்டத்தினூடாகச் செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்திற் செல்லும் காற்றில் ஏறத்தாழ 12 வாற்று இருக்கிறது. அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க முடியாது என்று ஜேர்மானியரான பெற்ஸ் 1920ஆம் ஆண்டளவிற் காட்டினார். காற்று முழுவதையும் நிறுத்திப் பிடித்தாற் பின்னால் வருவதற்கு வழியிராது அன்றோ? சிறிய காற்றாடிகள் நடைமுறையில் ஐந்திலொரு பங்கை எடுத்தாலே நன்று. ஆக, அந்த மெல்லிய காற்றில் நமக்குக் கிடைப்பது இரண்டரை வாற்று. நமது அஞ்சற் கருவியின் ஒரு நாள் உணவுக்கு ஆறு ஏழு மணி நேரக் காற்று வேண்டும். காற்று 6 மீற்றர் வேகம் பெற்றால், தக்க மின்பிறப்பாக்கி இருப்பின், 20 வாற்று வரும். ஒரு மணி நேரமே போதும். காற்று 2 மீற்றருக்கு இறங்கினால் காற்றாடி பெரும்பாலும் நின்றுவிடும்.

காற்றின் வேகத்தை அறியக் கருவி இல்லையே என்று எவரும் கவலைப்பட வேண்டாம். பிரித்தானியக் கடற்படையைச் சேர்ந்த போபோட் என்பவர் 1805இல் வகுத்த அளவு இன்றும் வழக்கில் உண்டு. முகத்தில் காற்றுப் படுவதை உணர்ந்து, இலைகள் சலசலத்தால் வேகம் 2 முதல் 3 மீற்றர். இலையும் சிறு கொப்பும் ஓயாது ஆடி, இலேசான கொடி விரிந்து பறந்தால் 4 அல்லது 5. புழுதியும் கடதாசித் துண்டும் கிளம்பினால் 6 முதல் 8. நம் முன்னோர் வேகத்தைவிடத் திசையையே பெரிதாக எண்ணிப் பெயரிட்டார்கள்: வாடை, கொண்டல், தென்றல், வடபுலத்தார் சொல்லும் சோளகம், மட்டக்களப்பார் சொல்லும் கச்சான். காற்றாடி கட்டுவோருக்கும் அப்பெயர்கள் பயன்படும். ஏனெனிற் பெயருள்ள காற்றுத்தான் நாட்கணக்கில் நிலைத்து வீசும். கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இடையில் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழையும், மற்றைப்படி இலை அசையாப் புழுக்கமும்.

இனி நம் நகரத்துக்கு வருவோம். வெள்ளவத்தையில் கடற்கரையோரம் குடியிருப்போர், “எங்கள் மாடியில் நிற்கவே முடியாத காற்று, அதைக்கொண்டு ஊருக்கே விளக்கேற்றலாம்” என்பார்கள். ஜூன் மாதத்தில் மரைன் டிரைவில் குடை பிடித்து நடந்தவர் இதை மறுக்கமாட்டார். ஆனால் அங்கே இரயில் பாதைக்கு எதிரே வரிசையாக எழுந்து நிற்கும் தொடர்மாடிகளைக் கடற்காற்று வந்து மோதும்போது என்ன நிகழ்கிறது என்று பார்க்க வேண்டும். சுவரில் மோதிய காற்று மேலெழுந்து, மாடியின் விளிம்பைத் தாண்டிச் செல்லும். மாடியின் மேற்றளத்திலே சுழல்களே எஞ்சும். அங்கே சட்டை காயப்போட்டவருக்குத் தெரியும், அது ஒரு கணம் கிழக்கே பறக்கும், மறுகணம் கொடியைச் சுற்றிக்கொள்ளும். அத்தகைய காற்றிற் காற்றாடி திசை தேடித் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தைவிடத் தேய்மானமே அதிகம் கிடைக்கும். முன்வரிசைக்குப் பின்னால், காலி வீதியை நோக்கிச் செல்லும் ஒழுங்கைகளிலோ காற்றே இல்லை. சுற்றிலும் நூறு மீற்றருக்குள் உள்ள எந்தத் தடையிலும் 10 மீற்றர் உயரமாகக் காற்றாடி நிற்க வேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி. பட்டம் ஏற்றிய பிள்ளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தென்னையின் தலையைத் தாண்டும் வரைதான் ஓட்டம், தாண்டிய பின் காற்றே பட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். மார்க்கோனி 1901 டிசெம்பர் 12இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த முதற் சமிக்ஞையைக் கேட்டபோது, அவருடைய நீண்ட வானலைக் கம்பியை மேலே தாங்கி நின்றதும் ஒரு பட்டமே.

ஓரிடத்தின் காற்றைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நீண்ட மூங்கிலொன்றில் இரண்டு முழத்துக்கு ஒன்றாக மெல்லிய துணி நாடாக்களைக் கட்டி நிறுத்துங்கள். எந்த உயரத்திலிருந்து நாடாக்கள் யாவும் ஒரே திசையில் நேராகப் பறக்கின்றனவோ அந்த உயரத்துக்கு மேலேதான் நல்ல காற்று. கீழேயுள்ளவை துடிதுடித்துச் சுருள்வதைக் காணலாம். எமது மாணவர்கள் இதனைச் செய்து பார்த்தபோது, பாடசாலைக் கூரையின்மேல் அவர்கள் எண்ணியிருந்த இடம் சுழலுக்குள் இருப்பது பத்தே நிமிடத்திற் புலனாயிற்று.

கொட்டாஞ்சேனையில் நிலைமை இன்னும் கடினம். மேற்கே கடலுக்கும் ஊருக்கும் நடுவே துறைமுகமும் அதன் பாரந்தூக்கிகளும் நிற்கின்றன. ஜம்பட்டா வீதியிலும் அதன் கிளை ஒழுங்கைகளிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். புனித லூசியாள் பேராலயத்துக் குவிமாடத்தின் உச்சியில் நல்ல காற்று இருக்கலாம். அங்கே எவரும் காற்றாடி கட்டப்போவதில்லை. இருந்தபோதிலும், நான் பேசும் பொருள் வெள்ளவத்தையாரைவிடக் கொட்டாஞ்சேனையாருக்கே நெருக்கமானது என்று சொல்வேன். காரணம் களனி ஆறு.

கொட்டாஞ்சேனையிலிருந்து அதிக தூரமில்லாத நாகலகம் வீதியிலே, களனி ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கும் மானி இருக்கிறது. மழைக்காலத்தில் அதன் அளவை அடிக்கணக்கில் வானொலியிற் கேட்டு, பொருட்களை மேலே ஏற்றுவதா வீட்டை விட்டுப் புறப்படுவதா என்று முடிவுசெய்யும் குடும்பங்கள் அப்பக்கத்திற் பல. ஆனால் அந்த வெள்ளம் கொழும்பிற் பிறப்பதன்று. நோர்வூட்டிலும் கித்துல்கலையிலும் தெரணியகலையிலும் பெய்த மழை, கிளென்கோஸ், ஹங்வெல்லை என்னும் இடங்களைக் கடந்து, பல மணி நேரத்தின் பின் இங்கே வந்து சேர்கிறது. அந்த மணி நேரங்களே மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம். மேலே உள்ள மானி பேசினால், கீழே உள்ளவர் பிள்ளைகளின் புத்தகங்களையாவது காப்பாற்றலாம். மானி மௌனமானால், நீர் வாசற்படிக்கு வந்தபின்னரே செய்தி தெரியும். ஆகவே கொட்டாஞ்சேனைக்கு வேண்டிய காற்றாடி கொட்டாஞ்சேனையில் நிற்க வேண்டியதில்லை. கித்துல்கலைக்கு மேலுள்ள ஏதேனுமொரு மலைமுகட்டில் நின்றாற் போதும்.

அத்தகைய இடத்தை மனத்திற்கொண்டு பாருங்கள். ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகிறது. மானி அங்கேதான் இருந்தாக வேண்டும். இத்தகைய சிறு வானொலியின் அலை மலையை ஊடுருவிச் செல்லாது. ஆகையால் முகட்டில் ஓர் அஞ்சற் கருவி தேவை. வானலைக்கு உகந்த முகடு காற்றுக்கும் உகந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி ஏறுகிறது. அதனாலேதான் அங்கே அவ்வளவு மழை. மழையைத் தரும் அக்காற்றே மழைச்செய்தியை அனுப்பும் கருவிக்கும் உணவு தரலாம்.

சூரியப் படலம் போதாதா என்று நேயர்கள் கேட்பது நியாயமே. பெரும்பாலான இடங்களிற் போதும் என்பதே என் முடிவு. நாட்டில் இத்தகைய கருவிகள் பொதுவாகச் சூரிய ஒளியாலேயே இயங்குகின்றன. சூரியப் படலத்தில் அசையும் உறுப்பு இல்லை, எண்ணெய் விட வேண்டியதில்லை, விலையும் மலிந்துவிட்டது. கொழும்பின் மொட்டைமாடியில் ஒரு கருவியை இயக்க விரும்புவோர் தயங்காமல் அதனையே வாங்கட்டும். ஆனால் மேற்குச் சரிவில், மரநிழலும் மூடுபனியும் சூழ்ந்த இடத்தில், தொடர்ந்து பத்து நாட்கள் இருண்டிருப்பது உண்டு. நமது அஞ்சற் கருவிக்கு நாளொன்றுக்கு 16 வாற்று மணி வீதம் பத்து நாளைக்கு 160 வாற்று மணி சேமித்துவைக்க வேண்டும். ஈய அமிலப் பற்றரியை முழுவதும் வெறுமையாக்கினால் அது விரைவிற் கெடும். ஆதலால் அதனிலும் இருமடங்கு வேண்டும். பத்துக் கிலோகிராம் எடையுள்ள பற்றரியை அட்டைகளுக்கு நடுவே மலையேற்ற வேண்டி வரும். அதே நாட்களில் ஒரு மீற்றர்க் காற்றாடி 3 வாற்று வீதம் ஐந்தாறு மணி நேரம் சுழன்றால் அன்றைய உணவு அன்றே கிடைத்துவிடும். இரண்டையும் ஒரே பற்றரியில் இணைத்துவிட்டால், தை மாசி மாதங்களில் வெயிலும், வைகாசிக்குப் பின் காற்றும் மாறி மாறி ஊட்டும். மழை பெய்யும் நாளெல்லாம் காற்று வீசும் என்றும் எண்ணிவிடக்கூடாது. ஒக்டோபர் மாத இடிமழை காற்றில்லாமலே கொட்டித் தீர்ப்பதுண்டு. அதனாலே காற்றை மட்டும் நம்பிக் கருவி அமைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

செய்முறையில் ஓரிரு நுட்பங்கள் சொல்லத்தக்கவை. பழைய சைக்கிள் டைனமோவைக் காற்றாடியோடு நேரே பொருத்தினால் அது இயங்காது. சில்லில் உரசிச் சுழலும் அவ்வகை டைனமோவின் சிறு உருளை, சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,000 தடவை சுழல்கிறது. நமது காற்றாடியோ நல்ல காற்றிலும் 300, 400 தடவைக்கு மேற் செல்வதில்லை. சில்லின் நடுக்குடத்திலேயே அமைந்த டைனமோ வேறு வகை. அதற்குள் பல காந்த முனைகள் இருப்பதால் நிமிடத்துக்கு 120 சுற்றிலேயே தன் 3 வாற்றையும் தந்துவிடும். அது காற்றாடிக்கு நேரே பொருந்தும். அதிலிருந்து வருவது ஆடலோட்டம். பற்றரிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளாலான பாலத்தின் வழியே அதனைச் செலுத்த வேண்டும். சாதாரண சிலிக்கன் இருவாயிகள் ஒன்றே கால் வோல்ற்றுக்கு மேல் விழுங்கிவிடும். 6 வோல்ற்றில் அது சிறு தொகையன்று. ‘ஷொட்கி’ என்னும் வகையைப் பயன்படுத்தினால் அந்த நட்டம் பாதியாகக் குறையும்.

பற்றரி நிறைந்துவிட்டாற் சூரியப் படலத்தைத் துண்டித்துவிடலாம். அது வாளா இருக்கும். காற்றாடியைத் துண்டித்தாலோ, சுமை நீங்கிய குதிரைபோல வெறிகொண்டு சுழலத் தொடங்கும். ஆகவே மிகுதி மின்சாரத்தை ஒரு தடைக் கம்பியிற் செலுத்தி வெப்பமாக்கிவிட வேண்டும். பழைய விண்ட்சார்ஜரில் வேகம் மிகுந்தால் விரிந்து தடுக்கும் தகடுகள் வைத்திருந்தார்கள். இக்காலக் காற்றாடிகள் பலவற்றில் வால் மடிந்து, முகத்தையே காற்றுக்குப் புறம்பாகத் திருப்பிக்கொள்ளும்.

கடலோரத்தில் வேறொரு பகைவன் உண்டு, அது உப்பு. வெள்ளவத்தையில் ஜன்னற் கம்பிகள் படும் பாட்டை அறிந்தவர்கள், அங்கே நிறுத்தும் காற்றாடியின் ஆணிகளும் தூணைத் தாங்கும் கம்பிகளும் துருப்பிடியாத உருக்காக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வர். இடைப்பருவ மாதங்களில் மின்னலும் அஞ்சத்தக்கது. உயர்ந்த உலோகத் தூணை நிலத்தோடு தொடுக்காமல் விடுவது ஆபத்து. தாமே பேசும் கருவி எதையும் அமைக்க எண்ணும் பாடசாலைகள், எந்த அலைவரிசையை எவ்வளவு வலுவிற் பயன்படுத்தலாம் என்பதை இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டறிந்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளட்டும். அனுமதி தேவைப்படாத பயிற்சியும் உண்டு: காற்றாடியால் ஒரு பற்றரியை ஏற்றி, அதனால் ஒரு சிறு வானொலியைக் கேட்பது. ஒரு தவணை முழுவதும் நாள்தோறும் காற்றையும் பற்றரியின் வோல்ற்றளவையும் குறித்துவந்தால், மாணவர்களிடம் அந்த ஊருக்கேயுரிய காற்றுக் கணக்கு ஒன்று எழுத்தில் இருக்கும்.

தூணின் அடியில் ஒரு கீல் வைத்தல் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏணி வைத்து ஏறுவது பிள்ளைகளுக்குத் தக்கதன்று. கீல் இருந்தால் இருவர் சேர்ந்து கயிற்றாற் பிடித்துத் தூணை மெல்லச் சாய்க்கலாம். ஒக்டோபரில் காற்று ஓய்ந்திருக்கும்போது அதைச் சாய்த்து, உப்பைக் கழுவி, சுழலும் இடங்களுக்குக் கிறீஸ் இட்டு, தளர்ந்த ஆணிகளை முறுக்கி, பற்றரியின் முனைகளைத் துடைத்து, வாடை தொடங்குமுன் மீண்டும் நிமிர்த்திவிடலாம். புயல் எச்சரிக்கை வந்தால், அதே கீலில் அதனைச் சாய்த்து நிலத்தோடு கட்டிவிடலாம். பற்றரியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது நான்கைந்து நாளைக்குக் கருவியைப் பேசவைக்கும்.